ஸ்லாட்டைக் கழற்றி வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் ஒட்டினேன்: ஜெனித் 701 அனுபவப் பதிவு

ஜெனித் சி.எச். 701 என்ற சின்ன விமானத்தை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே ஸ்லாட் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கும் அலுமினியப் பட்டை அது. அது இருந்தால்தான் 701 என்று ஒரு கட்சி, கழற்றிவிட்டு வேகமாகப் போகலாம் என்று இன்னொரு கட்சி. விஸ்கான்சினில் என் கராஜில் கிட்டாக வாங்கி, ரிவெட் ரிவெட்டாக அடித்துச் சேர்த்த விமானம் என்னுடையது. ரோட்டாக்ஸ் 912 எஞ்சின், 80 குதிரைத்திறன். பல வருடம் ஸ்லாட்டோடு பறந்தேன். போன கோடையில் ஸ்லாட்டுகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்துக்கு வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்கள் என்ற சின்னத் துடுப்புகளை ஒட்டினேன். இனி வி.ஜி. என்றே எழுதுகிறேன்.

ஒட்டுகிற வேலை சுலபம். அதை விளக்கும் படங்களும் வீடியோக்களும் நிறையக் கிடைக்கின்றன. ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் என்ன அளக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஸ்லாட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இறக்கையின் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் மேற்பரப்பில் ஒட்டி ஓடும் காற்று பின்பாதியில் பிரிந்துவிடும். தூக்கு விசை சரியும். அதுதான் ஸ்டால். ஸ்லாட்டுக்கும் இறக்கைக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகக் காற்று வேகமெடுத்து மேற்பரப்பில் பாய்வதால், 30 டிகிரியை நெருங்கும் கோணத்திலும் இறக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். 1980-களில் கிரிஸ் ஹைன்ட்ஸ் இந்த விமானத்தை வடிவமைத்தபோது அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்: புல்தரையில் சில பத்து மீட்டர் ஓடி எழும்ப வேண்டும், அதே மாதிரி இறங்க வேண்டும். பயணிகள் விமானங்களிலும் ஸ்லாட் உண்டு. ஆனால் மேலே போனதும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். 701-ல் அது நிலையானது. நேராகப் பறக்கும்போது எந்த உதவியும் செய்யாமல் காற்றை இழுத்துக்கொண்டே வரும்.

வி.ஜி. அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. இறக்கைப் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் உராய்வில் வேகத்தை இழந்து சோர்ந்திருக்கும். இறக்கையின் தடித்த இடத்தைத் தாண்டியதும், பின்னால் போகப் போக அழுத்தம் ஏறுகிறது. சோர்ந்த காற்றால் அந்த ஏற்றத்தை ஏற முடியாது. வி.ஜி. என்பது காற்றோட்டத்துக்குச் சுமார் 15 டிகிரி சாய்வில் நிற்கும் ஒரு சின்னத் துடுப்பு. அதன் ஒரு பக்கம் அழுத்தம் கூடும், மறுபக்கம் குறையும், மேல்முனையைச் சுற்றிக் காற்று சுருண்டு ஒரு சுழலாகப் பின்னோக்கிப் போகும். அந்தச் சுழல் மேலே ஓடும் வேகமான காற்றை இழுத்துக் கீழே பரப்பின் மேல் கலந்துவிடுகிறது. சோர்ந்த படலத்துக்குத் தெம்பு வந்து இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டியே ஓடும்.

இது புதிய விஷயமில்லை. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் எச்.டி. டெய்லர் இதைச் செய்து காட்டினார். அப்புறம் போயிங் பி-47 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையில் வந்தது. போயிங் 737-ல் இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் இறக்கையின் மேல் வரிசையாக நிற்கும் சின்னத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள், அவைதான். நம்மைப் போன்ற சின்ன விமானக்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் இத்தாலியின் ஐ.சி.பி. நிறுவனம் செய்யும் சவன்னா. 701-ஐ மிகவும் ஒத்த விமானம். அதில் ஸ்லாட்டை எடுத்துவிட்டு வி.ஜி.யோடு வந்த மாடலுக்கு சவன்னா வி.ஜி. என்றே பெயர். ஆக, ஏற்கனவே பலர் நடந்த பாதையில்தான் நானும் போனேன்.

காகித வேலை

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானம் என்றால் எக்ஸ்பெரிமென்டல் பிரிவு. யாருடைய அனுமதியும் கேட்காமல் எதையும் மாற்றலாம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எடை, சமநிலை, பறக்கும் தன்மை இவற்றைக் கண்ணுக்குத் தெரியும்படி பாதிக்கும் மாற்றம் பெரிய மாற்றம் என்ற கணக்கில் வரும். ஸ்லாட்டைக் கழற்றுவது சந்தேகமில்லாமல் அந்த வகை. விமானத்தோடு கொடுத்திருக்கும் இயக்க வரம்புத் தாளை எடுத்துப் படியுங்கள். என் தாளில் இருப்பது இதுதான்: அமெரிக்க அரசின் விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.-வின் வட்டார அலுவலகத்துக்குச் சோதனை எங்கே நடக்கும் என்று தெரிவித்து, அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு, குறைந்தது 5 மணி நேரம் சோதனைப் பறத்தல். பகலில், ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியின் மேல், தேவையில்லாத யாரையும் ஏற்றாமல். முடிந்ததும் ஸ்டால் வேகம், ஏறுவேகங்கள், எடை, ஈர்ப்பு மையம் எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் சங்கமான ஈ.ஏ.ஏ.-வின் எங்கள் ஊர்க் கிளையில் டெக்னிக்கல் கவுன்சிலராக இருக்கும் பெரியவர் ஒருவர் திட்டத்தை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்போது உன் விமானம் எந்த வேகத்தில் ஸ்டால் ஆகிறது?" வேக மீட்டரில் மணிக்கு 30 மைலுக்குக் கீழே என்றேன். "மீட்டரைக் கேட்கவில்லை, விமானத்தைக் கேட்டேன்" என்றார். அதிலிருந்துதான் இந்த வேலை ஒழுங்கான வடிவத்துக்கு வந்தது.

கழற்றுவதற்கு முன்பு அளந்தது

வேகமானியை நம்பி ஸ்டால் வேகத்தைச் சொல்ல முடியாது. வேகமானிக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுவரும் பிட்டாட் குழாய் நேராக வரும் காற்றுக்காக வைக்கப்பட்டது. மூக்கை உயர்த்தி மெதுவாகப் பறக்கும்போது காற்று கீழிருந்து சாய்வாக வருகிறது. மீட்டர் குறைத்துக் காட்டும். 701 போல மிக உயர்ந்த கோணத்தில் பறக்கும் விமானத்தில் இந்தப் பிழை பெரிது. வி.ஜி. ஒட்டிவிட்டு, பத்து மைல் குறைந்தது என்று சொல்பவர்களில் பலர் சொல்வது இந்த மீட்டர் எண்ணைத்தான்.

நான் செய்தது இது. காற்று அசையாத விடியற்காலையில், தரையிலிருந்து 4,000 அடிக்கு மேல், எதிரெதிர் திசைகளில் ஒரே மாதிரி ஸ்டால் செய்து, இரண்டிலும் ஜி.பி.எஸ். காட்டிய வேகங்களின் சராசரியை எடுத்து, உயரத்துக்கும் வெப்பநிலைக்கும் திருத்திக்கொண்டேன். வேகத்தை நொடிக்கு ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வீதத்தில் குறைக்க வேண்டும். வெடுக்கென்று மூக்கைத் தூக்கினால் எண் பொய்யாக வரும். ஒவ்வொரு முறையும் டேங்கில் அதே அளவு பெட்ரோல். எடை 10 சதவீதம் கூடினால் ஸ்டால் வேகம் ஏறக்குறைய 5 சதவீதம் கூடிவிடும் என்பதால், பெட்ரோல் கணக்கில் அசட்டையாக இருந்தால் வி.ஜி.யின் பலனே அதில் மறைந்துபோகும்.

எண்களோடு படமும் வேண்டும் என்று இறக்கையின் மேல் கம்பளி நூல் ஒட்டினேன். ஒரு விரல் நீளத் துண்டுகள், முன்முனையில் மட்டும் டேப். இறக்கைக்குப் பின்னால், உடற்பகுதியின் மேல் ஒரு குட்டைக் கம்பம் வைத்து அதில் கேமரா. காற்று ஒட்டி ஓடும் இடத்தில் நூல் நேராகப் பின்னால் படுத்திருக்கும். பிரியும் இடத்தில் முதலில் நுனி துடிக்கும், பிறகு நூல் எழுந்து முன்பக்கமே திரும்பிவிடும். ஸ்லாட்டோடு எடுத்த படத்தில் இறக்கையின் வெளிப்பாதி நூல்கள் கடைசிவரை படுத்தே இருந்தன. கேபினை ஒட்டிய உள்பகுதிதான் முதலில் கலைந்தது. இந்த ஒரு விவரம் பின்னால் எனக்கு மிகவும் பயன்பட்டது.

கழற்றிய பிறகு

ஸ்லாட்டைப் பிடித்திருப்பது போல்ட்டுகள்தான், இறக்குவது சுலபம். ஆனால் அதைத் தாங்கும் பிராக்கெட்டுகள் முன்விளிம்புத் தகட்டைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை உடனே அறுத்துவிடாதீர்கள். சோதனை முழுவதும் முடிந்து மனம் திருப்தியாகும்வரை திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். நான் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய ஃபைபர் கிளாஸ் மூடி செய்து, விளிம்பை அலுமினிய டேப்பால் அடைத்தேன்.

ஸ்லாட்டுகள் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருந்த எடை. அவை போனதும் மையம் பின்னால் நகரும். கணக்குப் போட்டால் சின்ன நகர்வுதான். ஆனாலும் தராசில் ஏற்றி எடை போட்டேன். பின்பக்கம் கனமான விமானம் ஸ்டாலிலிருந்து மீளத் தயங்கும். அதைக் காகிதத்தில் மட்டும் பார்த்துக்கொண்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

வி.ஜி. ஒட்டுவதற்கு முன் வெறும் இறக்கையோடும் பறந்து அளந்தேன். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், நியாயமும் இருக்கிறது. எனக்கோ இரண்டு மாற்றங்களின் விளைவைத் தனித்தனியே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதற்காக விமானத்தைப் பக்கத்திலிருந்த நீளமான தார் ஓடுதளத்துக்குக் கொண்டுபோனேன். என் புல் ஓடுதளத்தில் செய்யவில்லை. வெறும் இறக்கை வேறு விமானம் போலவே இருந்தது. ஸ்லாட்டோடு ஸ்டால் என்பது தொய்ந்து தொய்ந்து இறங்குவதுதான். வெறும் இறக்கையில் ஒரு குலுக்கல், உடனே மூக்கு கவிழ்ந்தது, சில நேரம் இடது இறக்கையும் சேர்ந்து சரிந்தது. வீடியோவில் எல்லா நூல்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

ஒட்டிய விதம்

வாங்கியது பாலிகார்பனேட் துடுப்புகள், உயரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஜோடி ஜோடியாக வைக்க வேண்டும். முன்முனைகள் நெருக்கமாக, பின்முனைகள் விரிந்து. இந்த அமைப்பில் ஒவ்வொரு ஜோடியின் நடுவிலும் காற்று கீழ்நோக்கித் தள்ளப்படும். திருப்பி வைத்தால் நடுவில் காற்று மேலே கிளம்பும். ஆகவே திசையை, துடுப்புகளின் இடத்தைக் குறிக்கும் டெம்ப்ளேட்டிலேயே அம்புக்குறி போட்டுக் குறித்துவிடுவது நல்லது.

இடம் முக்கியம். சின்ன விமானங்களில் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 7 முதல் 10 சதவீதத்துக்குள் வைப்பது வழக்கம். நான் 8 சதவீதம் எடுத்துக்கொண்டேன். என் இறக்கையில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். பின்னால் வைத்தால் காற்று அதற்கு முன்பே பிரிந்துவிட வாய்ப்பு உண்டு. அப்போது துடுப்பு செத்த காற்றில் சும்மா நிற்கும். ரொம்ப முன்னால் போனால் நேர்ப் பறத்தலில் வீண் இழுவை.

கோடு போடுவதில் ஒரு சிக்கல். வளைந்த மூக்கின் மேல் டேப் அளவை வைத்து 10 சென்டிமீட்டர் எடுத்தால் வளைவின் நீளம்தான் கிடைக்கும், நமக்கு வேண்டியது நேர்கோட்டுத் தூரம். பிளைவுட்டில் மூக்கின் வடிவத்துக்கு ஒரு அச்சு வெட்டி, அதில் சரியான புள்ளியில் காடி போட்டு, இறக்கையின் விலா எலும்பு போன்ற ஒவ்வொரு ரிப்பிலும் அதை வைத்துக் குறித்தேன். குறிகளை இணைத்து, பெயின்டர்கள் கோடு பிரிக்கப் பயன்படுத்தும் மெல்லிய நீல டேப்பை இழுத்து ஒட்டினேன். ஓரத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் டேப்பில் ஒரு மில்லிமீட்டர் நெளிவும் தெரியும். என் மனைவி ஏணியின் மறுமுனையில் நின்று பார்த்துக்கொண்டு, "நடுவுல லேசா முன்னாடி வந்திருக்கு, அங்க எடுத்து ஒட்டுங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தது. இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒத்திருப்பதுதான் இங்கே முக்கியம். இரண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் பெரிய கேடில்லை. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஸ்டாலில் ஒரு இறக்கை முந்திக்கொண்டு சரியும்.

701-ன் தகட்டில் ரிவெட் தலைகள் மேலே புடைத்திருக்கும். துடுப்பின் அடிப்பாதம் ரிவெட்டின் மேல் உட்கார்ந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, பசை பாதிதான் பிடிக்கும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே டெம்ப்ளேட்டை இறக்கை முழுவதும் வெறுமனே வைத்துப் பார்த்து, ரிப் வரிசை வரும் இடங்களில் ஜோடியைச் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டேன். அது காற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பெயின்ட் மேல் மெழுகு, சிலிக்கான் பாலிஷ் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்காட்ச் பிரைட் நாரால் மினுமினுப்பு போகும்வரை லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பழைய பருத்தித் துணியால் ஈரத்தை எடுத்து, உடனே ஒட்ட வேண்டும். பசை அக்ரிலிக் வகை: ஆக்டிவேட்டரை ஒரு பரப்பில் தடவி, பசையைத் துடுப்பின் பாதத்தில் ஒரு துளி வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதத்தைச் சுற்றி மெல்லிய கோடாகப் பசை பிதுங்கினால் முழுப்பிடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிதுங்கலை அப்படியே விட்டுவிட்டேன், மழைநீர் அடியில் புகாது. குளிரில் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்த நாளாகப் பார்த்துச் செய்தேன். எங்கள் ஊரில் அதற்குக் கோடைதான் நேரம்.

கேபினை ஒட்டிய உள்பகுதியில், இரண்டு பக்கமும் சுமார் இரண்டு அடிக்கு, வேண்டுமென்றே ஒன்றும் ஒட்டவில்லை. ஸ்லாட்டோடு எடுத்த வீடியோவில் அங்கேதான் காற்று முதலில் பிரிந்தது. அந்தக் கலங்கிய காற்று வாலில் மோதி ஸ்டிக்கைக் குலுக்கும். விமானி கையில் உணரும் எச்சரிக்கை அது. உள்பகுதி முதலில் விட்டுக்கொடுத்து வெளிப்பகுதி பிடித்துக்கொண்டிருந்தால் ஃப்ளாப்பரான்களின் (இறக்கையின் பின்விளிம்பில், ஃப்ளாப்பாகவும் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கவும் பயன்படும் அசையும் தகடுகள்) வெளிப்பாதி கடைசிவரை வேலை செய்யும். இறக்கை முழுவதையும் வி.ஜி.யால் நிரப்பி அந்த எச்சரிக்கையைத் தொலைத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது வால். இறங்கும்போது முழு ஃப்ளாப் போட்டு, எஞ்சினைக் குறைத்தால் புரொப்பெல்லர் காற்று வாலுக்குப் போகாது. மூக்கைத் தூக்க, வாலில் மேலும் கீழும் அசையும் பாகமான எலிவேட்டர் திணறும். வால் கீழ்நோக்கி இழுக்கும் இறக்கை என்பதால் அதில் காற்று பிரிவது அடிப்பரப்பில். ஆகவே வி.ஜி.யும் அடியில்தான் ஒட்ட வேண்டும், எலிவேட்டர் கீலுக்குச் சற்று முன்னால். கோடையிலும் படுத்துக்கொண்டு தலைக்கு மேல் ஒட்டுகிற வேலை கைவலிதான். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் போட்டு, பசை இறுகும்வரை பிடிக்க வைத்தேன்.

மேலே போய்ப் பார்த்தது

அதே உயரம், அதே பெட்ரோல், அதே விடியற்காலை. ஸ்லாட்டோடு ஜி.பி.எஸ். சராசரியில் மணிக்கு 35 மைல் அளவில் இருந்த ஸ்டால், வெறும் இறக்கையில் 42 ஆகியிருந்தது. வி.ஜி.யோடு 37. நேர்ப் பறத்தலில், ரோட்டாக்ஸ் 5,000 சுற்றில், ஸ்லாட்டோடு 80 மைல் போனது இப்போது 88 போகிறது. இவை என் விமானத்தின் எண்கள். வேறொருவர் கட்டிய 701-ல் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

எண்களை விட எனக்குப் பிடித்தது ஸ்டாலின் குணம். முதலில் ஸ்டிக்கில் குலுக்கல். அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் மூக்கு மெல்ல ஆடியபடி கீழே இறங்கியது, இறக்கை சரியவில்லை. வீடியோவில் உள்பகுதி நூல்கள் எழுந்து ஆட, வெளியே துடுப்புகளுக்குப் பின்னால் இருந்தவை நடுங்கிக்கொண்டே படுத்திருந்தன. இறங்கும்போது மூக்கு முன்பு போல வானத்தைப் பார்க்காததால் ஓடுதளம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்லாட்டின் இழுவை போனதால் எஞ்சினைக் குறைத்தாலும் விமானம் மிதந்துகொண்டே போகும், எனவே இறங்கும் வேகத்தில் முன்பைவிடக் கண்டிப்பு வேண்டும். மறுபக்கம், எஞ்சின் நின்றால் இன்னும் ஒரு வயல் கூடுதலாக எட்டும்.

இழந்தது ஒன்று உண்டு. மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, புரொப்பெல்லரில் தொங்குவது போல எழும்பும் அந்தக் குறுகிய ஓட்டம் இப்போது கொஞ்சம் நீண்டுவிட்டது. ஆற்று மணல்திட்டிலும் நூறு மீட்டர் மலைச்சரிவிலும் இறங்குபவர் ஸ்லாட்டைக் கழற்றக் கூடாது என்பேன்.

ஸ்லாட் இல்லாத சாதாரண இறக்கையில் வி.ஜி. சேர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்டால் வேகம் குறைந்தால் மனூவரிங் வேகமும், அதாவது ஸ்டிக்கை முழுக்க இழுத்தாலும் விமானத்துக்குச் சேதம் வராத உச்ச வேகமும், குறைகிறது. உதாரணமாக 3.8 ஜி (தன் எடையைப் போல 3.8 மடங்கு சுமை) தாங்கும் விமானம், ஸ்டால் 40 மைல் என்றால் மனூவரிங் வேகம் 78. அந்த வேகத்தில் ஸ்டிக்கை முழுக்க இழுத்தாலும் 3.8-ஐத் தாண்டுமுன் இறக்கை ஸ்டால் ஆகி உலோகத்தைக் காப்பாற்றும். வி.ஜி. ஒட்டி ஸ்டால் 37 ஆகிவிட்டால், அதே 78-ல் இறக்கை 4.4 ஜி வரை இழுக்கும். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கு வலு கூடவில்லையே. புதிய எண் 72. வேகமானியின் பக்கத்தில் உள்ள ஸ்டிக்கரை மாற்ற வேண்டும். மெதுவாக ஸ்டால் ஆகிறது என்பதற்காக மொத்த எடையைக் கூட்டுவதும் இதே காரணத்தால் கூடாது.

தினசரிப் பராமரிப்பில் சில மாற்றங்கள். இறக்கையைக் கழுவும் ஸ்பாஞ்ச் துடுப்புகளில் மாட்டிக் கிழியும். நீளமுடி பிரஷ்ஷுக்கு மாறிவிட்டேன். பெட்ரோல் டேங்க் மூடி இறக்கையின் மேல் இருப்பதால், ஏணியில் நின்று ஹோஸை இழுக்கும்போது அது வி.ஜி. வரிசையின் மேல் உராயும். முன்விளிம்பில் ஒரு ரப்பர் பாயைப் போட்டுவிட்டுத்தான் இழுக்கிறேன். பறக்கும் முன் பரிசோதனையில் வரிசை முழுவதும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஆட்டிப் பார்க்கிறேன். விழுந்திருந்தால் ஒட்டிய பிறகே பறக்கிறேன்; உபரித் துடுப்புகளும் பசையும் விமானத்திலேயே இருக்கின்றன. உறைபனிக் காலத்தில் துடுப்புகளுக்கு நடுவே ஒட்டிய பனியைச் சுரண்ட முடியாது, ஹேங்கரைச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். பழைய இறக்கை உறையும் பயன்படாமல் போனது. முன்விளிம்பை ஒட்டி உள்பக்கம் தடித்த ஃபோம் பட்டை வைத்துப் புதிதாகத் தைத்தோம். இப்போது துணி துடுப்புகளில் மாட்டாமல் மேலே உட்காருகிறது.

பிராக்கெட்டுகளை இந்தக் குளிர்காலத்தில் அறுத்து, முன்விளிம்பில் நிரந்தரமாக ஒட்டுத் தகடு அடிக்கப்போகிறேன். அதற்குப் பிறகு இன்னொரு முறை எடை போட்டு, அந்த எண்களையும் லாக் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.